எத்தனை சதுர கிலோமீட்டர் வேணும், தம்பி?

சின்னம்மா மகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வரும்வரை சும்மா இருக்க வேண்டாம் என்று ஹட்டனில் ஒரு துணிக்கடையில் மூன்று மாதம் நின்றான். அந்தக் காசில் முக்கால்வாசி வீட்டுக்குப் போய்விட்டது. மிச்சத்தில் ஒரே ஒரு கேம் வாங்கப் போகிறானாம், அதுவும் ஆர்பிஜிதான், ஒரு பாத்திரமாகவே மாறி ஆடுகிற வகைதான் வேண்டுமாம். கொப்பியிலிருந்து கிழித்த ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினான். கேமின் பெயர், பக்கத்தில் மேப் எத்தனை சதுர கிலோமீட்டர், பெரியது மேலே, சின்னது கீழே. "பெருசா இருக்கிறத வாங்கினாத்தானே அண்ணே காசுக்கு லாபம்?"

கேலி செய்ய வேண்டிய கேள்வி இல்லை இது. வருஷத்துக்கு ஒரு கேம் வாங்குகிறவனுக்கு அது நாலு நாளில் முடிந்துவிட்டால் வயிறு எரியும். நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் கணக்குப் போட்டேன். ஆனால் இவன் அம்மா இருபது வருஷத்துக்கு மேலாகக் கொழுந்து எடுக்கிறவர், அவர் மகன் எடையை மட்டும் பார்த்து வாங்கலாமா? கொழுந்து நிறுக்கிற மடுவத்துத் தராசு முத்தல் இலைக்கும் ஈரத்துக்கும் சேர்த்துத்தான் எடை காட்டும். அதனால்தான் தண்ணிக்கென்று கழிக்கிறார்கள், கழிக்கிற அளவில்தான் சண்டையும் வருகிறது. ஃபேக்டரிக்கு வேண்டியது ரெண்டு இலையும் ஒரு மொட்டும். அதிலும் ஒரு கிலோ தூளுக்கு நாலரைக் கிலோ போலப் பச்சைக் கொழுந்து போகும். நூறு மணி நேரம் விளையாடலாம் என்று சொல்கிற கேமையும் அப்படி ஒருமுறை வாட்டிப் பார்க்க வேண்டும். நடந்தது, குதிரை ஓட்டியது, மூட்டையில் இடமில்லை என்று பழைய கத்தியை விற்கப் போனது எல்லாம் ஆவியாகிவிட்டால் தட்டில் மிஞ்சுவது எவ்வளவு?

அளவில் உச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் காசே வேண்டாம். 1996இல் பெதஸ்டா வெளியிட்ட டேக்கர்ஃபால் 2009 முதல் இலவசம். அதன் மேப் கிட்டத்தட்ட கிரேட் பிரிட்டன் அளவு என்பார்கள், அதாவது நம்ம இலங்கை மாதிரி மூன்று. ஊரும் கிராமமும் நிலவறையுமாக 15,000க்கு மேல். ஒரு ஊரிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போகலாம், ஆனால் யாரும் போவதில்லை, நடுவில் புல், மரம், மறுபடி புல். யாரோ உட்கார்ந்து கையால் செய்த நிலம் இல்லை அது, கணினி ஒரு விதியை வைத்துக்கொண்டு அள்ளித் தெளித்தது. 27 வருஷம் கழித்து, 2023 செப்டம்பரில் அதே கம்பெனி ஸ்டார்ஃபீல்ட் விட்டது. இந்தமுறை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிரகங்கள். ஒன்றில் கைவிடப்பட்ட ஆய்வுக்கூடம் ஒன்றைப் புகுந்து பார்த்துவிட்டு வேறு நட்சத்திரத்துக்குப் பறந்து போய் இறங்கினால், அங்கேயும் அதே கூடம், அதே அறைகள், அதே மூலையில் பெட்டி. நியாயமாகச் சொன்னால் அதில் கப்பல் கட்டுவது நல்ல பொழுதுபோக்கு, நகரங்களுக்குள் சில குவெஸ்ட்கள், அதாவது நம்மிடம் ஒப்படைக்கிற வேலைகள், நன்றாகவே இருக்கின்றன. ஆனால் அந்த நல்லதெல்லாம் நாலைந்து இடத்துக்குள் அடங்கிவிடுகிறது. மிச்சத் தொள்ளாயிரத்துச் சொச்சம் எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. தாளில் முதலில் இருந்த பெயரை அப்போதே வெட்டினோம்.

உண்மையில் சதுர கிலோமீட்டர் என்கிற அளவே மலையில் இருக்கிறவனுக்குச் சரிவராது. எங்கள் வாசலில் நின்றால் மேல் டிவிஷன் லயம், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகள், தெரியும், யார் வீட்டுத் துணி காய்கிறது என்றுகூடச் சொல்லலாம், சத்தமாகக் கூப்பிட்டால் கேட்கும். போக ஒரு மணி நேரம். தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் ஏறி, ஆற்றைத் தாண்டி, கோயில் மேட்டைச் சுற்ற வேண்டும், ஒவ்வொரு முடக்கிலும் முன்னால் இருந்தது மறைந்து வேறொன்று தெரியும். நிலத்தை இப்படி மறைத்து மறைத்துக் காட்டுவது ஒரு வித்தை. 2017இல் வந்த செல்டா பிரெத் ஆஃப் த வைல்டைச் செய்த நின்டெண்டோக்காரர்கள் இதை வெளிப்படையாகவே விளக்கினார்கள். நிலம் முழுக்க முக்கோணங்களாக மேடுகளை வைத்தார்களாம். ஏறிப் போவதா, சுற்றிப் போவதா என்று யோசிக்க வைக்க வேண்டும், சுற்றிப் போனால் பின்னால் ஒளிந்திருந்தது கண்ணில் பட வேண்டும். (அது சரியான ஆர்பிஜி இல்லை என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், நான் நிலத்தைப் பற்றித்தான் பேசுகிறேன்.)

இதை ரொம்ப முன்னாலேயே, கைக்குட்டை அளவு நிலத்தில் செய்து காட்டியது கோதிக். 2001, ஜெர்மனியின் பிரான்ஹா பைட்ஸ். ராஜாவுக்கு யுத்தத்துக்குத் தாது வேண்டும், அதனால் கைதிகளைச் சுரங்கத்தில் போட்டு, தப்பி ஓடாமல் சுற்றி மந்திர வேலி கட்டுகிறார்கள். வேலி கைமீறி வளர்ந்து, கட்டினவர்களையும் சேர்த்து உள்ளே மாட்டிவிடுகிறது. உள்ளே போகலாம், வெளியே வர முடியாது. கைதிகள் இடத்தைப் பிடித்துக்கொண்டு, தோண்டும் தாதுவைக் கொடுத்து ராஜாவிடமே சாமான் வாங்கிப் பிழைக்கிறார்கள். பழைய முகாம் என்று ஒன்று, நடுவில் கோட்டை, அதற்குள் தாது முதலாளிகள், சுற்றி வட்டமாகத் தோண்டுகிறவர்களின் குடிசைகள். மேலே பங்களா, கீழே லயம் என்று முதல் தடவை பார்த்தபோதே எனக்குச் சுருக்கென்று பட்டது. ஜெர்மன்காரன் நம்மை நினைத்துச் செய்திருக்க மாட்டான், இருந்தாலும் பட்டது. போன புதிதில் ஒரு காவல்காரன் வந்து பாதுகாப்புக்கென்று பத்துத் தாதுக்கட்டி கேட்பான், அவனை எப்படிச் சமாளிப்பது என்று யோசிப்பதே அரைநாள் விளையாட்டு. முழு மேப்பையும் சில நிமிஷத்தில் குறுக்கே ஓடிவிடலாம், அதாவது உயிரோடு ஓட முடிந்தால்.

அந்த 'உயிரோடு' என்பதில்தான் மேப் அளவும் ஆர்பிஜியும் முட்டிக்கொள்கின்றன. ஆர்பிஜி என்றால் ஆள் வளர வேண்டும், ஓநாயைக் கண்டு ஓடினவன் ஒருநாள் அதை ஒரே வெட்டில் சாய்க்க வேண்டும். மேப்பை அகலத் திறந்துவிட்டு எங்கே வேண்டுமானாலும் போ என்று சொல்லிவிட்டால், எந்த மூலையில் எவ்வளவு பலமான எதிரியை வைப்பது? 2006இல் வந்த ஒப்லிவியன் எதிரிகளையும் நம்மோடு சேர்த்தே லெவல் ஏற்றியது. பிற்பாதியில் ரோட்டோர வழிப்பறிக்காரன்கூடப் பளபளக்கிற விலை உயர்ந்த கவசத்தை மாட்டிக்கொண்டு வந்து நூறு காசு கொடு என்று மிரட்டுவான். அந்தக் கவசத்தை விற்றாலே அவன் வீட்டில் ரெண்டு தலைமுறை உட்கார்ந்து சாப்பிடலாம். கோதிக்கில் அந்தச் சலுகை கிடையாது. காட்டோரத்து மிருகம் தன் பலத்திலேயே இருக்கும், நீ போய்ப் பலமாகித் திரும்பி வா. இடம் சின்னது என்பதால் தினமும் அந்தப் பக்கமாகத்தான் போக வேண்டும், தினமும் பல்லைக் கடித்துக்கொண்டு விலகிப் போவாய், கடைசியில் ஒருநாள் விலகாமல் நிற்பாய். வளர்ந்தது உடம்புக்கே தெரியும். எனக்கு இதைவிட நல்ல ஆர்பிஜி அனுபவம் குறைவு. ஆனால் கோதிக்கை இவனுக்கு வாங்கச் சொல்லத் துணிவில்லை. அதில் ஒரு மூலிகையைக் குனிந்து எடுக்கவே ரெண்டு விரல் பயிற்சி வேண்டும், நாலு நாளில் கீபோர்ட்டை உடைப்பான்.

"அப்போ சின்னதுதான் நல்லதுன்னு சொல்றீங்க" என்றான், முகம் சுருங்கிப் போய்.

அப்படியும் சொல்ல முடியாது, எல்டன் ரிங் இருக்கிறதே. 2022 பிப்ரவரியில் ஃப்ரம்சாஃப்ட்வேர் விட்டது, அந்த வருஷத்தின் சிறந்த கேம் விருதையும் எடுத்தது. அதில் பெரிசாக இருப்பதே விளையாட்டு. மேப்பை முழுதாகக் காட்டவே மாட்டார்கள், துண்டு துண்டாகத் தேடி எடுக்க வேண்டும், எடுக்க எடுக்க விளிம்பு தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும். இவ்வளவுதான் என்று நினைத்த நேரத்தில் மிஸ்ட்வுட் காட்டுக்குள் ஒரு கட்டடம், அதற்குள் ஒரு லிஃப்ட், ஏறி நின்றால் அது இறங்குகிறது, இன்னும் இறங்குகிறது, கடைசியில் பூமிக்கு அடியில் நட்சத்திரம் நிறைந்த வானமும் ஒரு ஆறும். ராத்திரி ஒரு மணிக்கு ஒரு நண்பனுக்குப் போன் போட்டு எழுப்பி ஏச்சு வாங்கினேன். தொடக்கத்திலேயே பொன் கவசக் குதிரைவீரன் ஒருவன் வழியில் திரிவான், மோதினால் செத்தாய். ஆனால் போக வேறு நூறு பக்கம் இருக்கிறது, சுற்றிவிட்டுப் பலமாக வா. கோதிக் நெருக்கிப் பிடித்துச் செய்ததை இது விரித்துச் செய்கிறது, தோற்றவனுக்கு அவ்வளவாகக் கோபமும் வருவதில்லை. இதிலும் தண்ணி இருக்கிறதுதான், நிலவறைகள் ஒன்றைப் பார்த்தால் மற்றதைப் பார்த்த மாதிரி, ஒரே பெரிய எதிரியை அங்கங்கே திரும்ப வைத்திருக்கிறார்கள், பனிமலைப் பகுதிக்கு வரும்போது எனக்கே சலித்துவிட்டது. இருந்தாலும் வாட்டின பிறகு நிறைய மிஞ்சும் பெரிய கேம் இது. என்ன பிரயோசனம், குறைந்தது 12 ஜிபி ரேம் கேட்கிறது, இவனுடைய பழைய லெப்டொப்பில் 8.

அடுத்தது ஸ்கைரிம், 2011 நவம்பர். தூரத்தில் தெரிகிற மலை உச்சிக்கு நீயே ஏறிப் போகலாம் என்பதுதான் அப்போது எல்லோரும் வாயைப் பிளந்து சொன்ன விஷயம். மலை ஏறுவது எங்களுக்கு அதிசயமா என்ன! அதில் உலகத்தின் தொண்டை என்று பெயர் வைத்த ஒரு மலை, ஐவர்ஸ்டெட் கிராமத்திலிருந்து 7,000 படி ஏறித் துறவிகளின் மடத்துக்குப் போக வேண்டும் என்பார்கள். பொறுமையாக எண்ணினால் ஆயிரத்தைத் தொடாது. ஐயாயிரத்துக்கு மேல் படி என்றால் என்ன என்று நல்லதண்ணிப் பக்கமாகச் சிவனொளிபாதமலை ஏறினவன் முழங்காலைக் கேட்க வேண்டும். ஆனாலும் அந்த ஏற்றம் எனக்குப் பிடிக்கும். கிராமத்தில் ஒருவர் தன்னால் முன்போல் ஏற முடிவதில்லை, மடத்துச் சாமான் மூட்டையை நீ கொண்டுபோய்ப் போட்டுவிடு என்று கேட்பார். சும்மா ஏறுவதற்கும் மூட்டையோடு ஏறுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது, சீசனில் மலைமேல் கடைகளுக்குச் சுமை தூக்குகிறவர்களைப் பார்த்தவனுக்கு அது தெரியும். அந்த ஒரு மூட்டை மலையின் உயரத்தைக் கூட்டிவிடுகிறது.

ஸ்கைரிமில் எனக்கு ஆகாதது மேலே ஓடுகிற திசைகாட்டி. போக வேண்டிய இடத்தை அது அம்புக்குறியால் காட்டிக்கொண்டே இருக்கும், நாம் நிலத்தைப் பார்க்காமல் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நடப்போம், ஒருதரம் போய்விட்டால் அடுத்த தடவை ஃபாஸ்ட் டிராவல், ஒரு கிளிக்கில் அங்கே. அதே தொடரில் 2002இல் வந்த மோரோவிண்டில் அம்புக்குறி கிடையாது. பாலத்தைத் தாண்டிக் கிழக்கே திரும்பு, பாறை வந்தால் இடது பக்கம் என்று ஆட்கள் வாயால் சொல்வார்கள், சில நேரம் தப்பாகவும் சொல்வார்கள், நம்ம ஊர் மாதிரியேதான். தூரம் போக ராட்சதப் பூச்சி ஒன்று பஸ் மாதிரி குறிப்பிட்ட ஊர்களுக்கு இடையில் மட்டும் ஓடும், இறங்கி மிச்சத்தை நடக்க வேண்டும். மோரோவிண்டின் மேப் ஸ்கைரிமைவிடச் சின்னது. விளையாடி முடித்தவர்களைக் கேட்டால் அதுதான் பெரிது என்று சத்தியம் செய்வார்கள்.

இனி விட்சர் 3. 2015 மே, போலந்தின் சிடி புரொஜெக்ட் ரெட். பெரிய மேப்புக்குள் பத்துப் பதினைந்து சின்னக் கேம்களை ஒளித்துவைத்தது மாதிரி இருக்கும். வெலன் என்பது யுத்தம் மிதித்துவிட்டுப் போன சதுப்பு நிலம், ஊருக்கு ஊர் ஒரு அறிவிப்புப் பலகை, அதில் பேய் தொல்லை என்று எழுதியிருக்கும், விசாரித்துக்கொண்டு போனால் பேய்க்குப் பின்னால் ஒரு மனுஷன் செய்த வேலை இருக்கும். அங்கே ஒரு பாரன், அதாவது ஊர்ப் பிரபு, குடிகாரன், மனைவியை அடித்தவன், மனைவியும் மகளும் வீட்டில் இல்லை, கண்டுபிடித்துக் கொடு என்கிறான். அந்தக் கதையில் யாரைத் திட்டுவது, யாருக்காக அழுவது என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை, முடித்த பிறகு ரெண்டு நாள் கேமைத் திறக்கவே இல்லை. அதற்கு வெலனின் அகலம் தேவைதான், அந்தச் சேற்றில் அவ்வளவு தூரம் குதிரையில் போனதால்தான் பாரன் வீட்டு அடுப்பு வெளிச்சம் அப்படித் தெரிந்தது.

ஆனால் அதே கேமில் ஸ்கெலிகே தீவுகள். கடல் முழுக்கக் கேள்விக்குறிகள், ஒவ்வொன்றுக்கும் படகு விட்டுப் போய், மேலிருந்து கொத்துகிற பிராணிகளை விரட்டி, கடத்தல்காரர் பெட்டியைத் திறந்தால் உள்ளே நாலு உடைசல். ஒரு சனி ஞாயிறு முழுவதையும் அதற்குக் கொடுத்தேன், என்ன பைத்தியமோ. நாம் ஆட்டுகிற நாயகனோ வளர்த்த மகளைத் தேடி அலைகிற மனுஷன், ஊர் ஊராக உட்கார்ந்து க்வென்ட் சீட்டு ஆடிக்கொண்டிருக்கிறான். (சீட்டு நன்றாக இருக்கிறது, அது வேறு கதை.) செய்தவர்களுக்கே உறுத்தியிருக்க வேண்டும், 2022 டிசம்பர் அப்டேட்டில் அந்தக் கேள்விக்குறிகளை மேப்பின் வழக்கமான காட்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள், வேண்டுமானால் நாமே போட்டுக்கொள்ளலாம். எவ்வளவு பெரிய மேப் என்று பெருமை பேசுகிற எல்லோருக்கும் நான் காட்டுவது இதைத்தான்.

தாளின் அடியில் கிடந்தவை எங்கே வேண்டுமானாலும் போ என்று விடுகிற ஓப்பன் வேர்ல்டே இல்லாதவை. 2023 ஆகஸ்டில் வந்த பால்டர்ஸ் கேட் 3 மூன்று பாகம், பாகத்துக்கு ஓரிரண்டு நிலம், அவ்வளவுதான். ஆனால் பூட்டிய ஒரு கதவுக்குச் சாவி தேடலாம், பூட்டை நெம்பலாம், உடைக்கலாம், உள்ளே இருப்பவனைப் பேசி மயக்கலாம், சுவரைச் சுற்றி ஏறிக் குதிக்கலாம், எல்லாவற்றுக்கும் கேம் பதில் வைத்திருக்கிறது. எந்த மேப்பிலும் இல்லாத அகலம் அது. ஸ்டார்ஃபீல்ட் வந்த அதே வருஷத்தில் சிறந்த கேம் விருது இதற்குத்தான் போனது. வாங்கலாமே என்றால், 150 ஜிபி. சின்ன மேப் என்றால் டவுன்லோடும் சின்னது என்று இவன் நினைத்திருந்தான் பாவம். ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன் 12 ஜிபி, விட்சர் 3க்கு 50, எல்டன் ரிங்குக்கு 60. இடத்தைப் பிடிப்பது முக்கியமாகக் குரலும் முகமும் துணி மடிப்பும்தான், காடு மலை அவ்வளவாகத் தின்பதில்லை.

டிஸ்கோ எலிசியத்தை நான்தான் தாளில் சேர்த்தேன். 2019 அக்டோபர். மார்ட்டினேஸ் என்று ஒரு துறைமுகப் பேட்டை, ஒரு கொலை, குடித்துக் குடித்துத் தன் பெயரையே மறந்துபோன ஒரு போலீஸ்காரன். வாள் கிடையாது, மற்ற கேம்களில் வருவது போன்ற சண்டையே கிடையாது, எல்லாம் பேச்சு. துறைமுகத்தில் சங்கம் வேலைநிறுத்தம் செய்கிறது, கம்பெனி ஆள் அனுப்பியிருக்கிறது, சங்கத் தலைவர் யாருக்காகப் பேசுகிறார் என்று யாருக்கும் நிச்சயமில்லை. ஆயிரம் ரூபாய் நாள் சம்பளத்துக்கு வருஷக்கணக்கில் ரோட்டில் நின்ற ஊர்க்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பேட்டை அவ்வளவு சின்னது, நாலாம் நாள் எந்தச் சந்தில் யார் நிற்பார் என்று தெரிந்துவிடும், அதனால் ஒருவர் அங்கே இல்லாவிட்டால் மனசு பதறும். கஷ்டம் என்னவென்றால் பத்து இலட்சத்துக்கும் மேல் வார்த்தைகள், எல்லாம் இங்கிலீஷ். தாளில் இருந்த எதுவுமே தமிழில் இல்லைதான், மற்றதில் வாளைச் சுழற்றிச் சமாளிக்கலாம், இதில் முடியாது. "இங்கிலீஷாவது தேறும்" என்றேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்து அதோடு விட்டுவிட்டேன்.

மிச்சம் வீட்டு நிலவரம். டவுன்லோட் எல்லாம் ராத்திரி டேட்டாவில், பன்னிரண்டு மணிக்குப் போட்டு விடியக்காலம் நிறுத்த வேண்டும், மழை நாளில் சிக்னல் பாதி. காற்று அடித்து எங்காவது ஒரு சவுக்கு மரம் லைனில் விழுந்தால் கரண்ட் போகும், லெப்டொப் பேட்டரி செத்து ரெண்டு வருஷம். அதனால் கிங்டம் கம் டெலிவரன்ஸை நானே அடித்துவிட்டேன். 2018, செக் நாட்டு கேம், 1403ஆம் வருஷத்துப் பொஹீமியா, பேய் பிசாசு இல்லாத அருமையான கிராமங்கள், மேப் 16 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் நினைத்த நேரத்தில் சேவ் பண்ண ஒரு சாராயப் புட்டி வேண்டும், இல்லாவிட்டால் கட்டிலில் போய்ப் படுக்க வேண்டும். வெளியேறும்போது சேவ் பண்ணலாம் என்று பின்னால் வசதி கொடுத்தார்கள். கரண்ட் வெளியேறும்போது நம்மிடம் சொல்லிவிட்டா போகிறது?

ஆக, என் தீர்ப்பு விட்சர் 3. லெப்டொப்பில் படத் தரத்தைக் குறைத்தால் ஓடும், ஐந்தாறு ராத்திரியில் இறங்கிவிடும், விலை அடிக்கடி அடிமாட்டு விலைக்கு இறங்கும். கேள்விக்குறிகளைத் திரும்பப் போடாதே, ஸ்கெலிகேயில் கதைக்கு வேண்டிய இடம் தவிரக் கடலுக்கே போகாதே, வெலனில் ஃபாஸ்ட் டிராவல் தொடாதே என்று தாளின் பின்பக்கத்தில் எழுதியும் கொடுத்தேன். எல்டன் ரிங்கும் பால்டர்ஸ் கேட்டும் நல்ல மெஷின் வாங்கிய பிறகு.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். போய் வாங்கினது ஸ்கைரிம். 12 ஜிபி அண்ணே, ஒரே ராத்திரியில் இறங்கிட்டுது என்றான், அதற்கு நான் என்ன சொல்ல. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் வந்தது. "அந்த ஏழாயிரம் படியையும் ஏறிட்டேன் அண்ணே, மூட்டையோடதான் ஏறினேன். மேல ஒரு டீக்கடைகூட இல்ல."